ஆறாம் பக்கம்

வூச் நகரத்து டிராம்களுக்கு நேரம் எழுதுவது என் வேலை.
பவூத்தி பணிமனையில்
பதினொன்றாம் எண் வண்டி பனியில் நின்றுவிட்டால்
எத்தனை நிமிடம் என்று குறித்துவைப்பேன்.
காரணம் எழுதும் கட்டம் ரொம்பச் சிறியது.

வீட்டில் ஒரு அட்டாரி.
டாலருக்கு மட்டும் விற்கிற கடையில்,
இரெனெயூஷின் சிகாகோ அத்தை அனுப்பிய பணத்தில் வாங்கியது.
வர்ணம் தெரியும் அதற்கு, பெருக்கல் தெரியும்,
மணி என்ன என்று கேட்டால் விழிக்கும்.

நினைவகத்தின் ஆறாம் பக்கம்
யாரும் குடியேறாத அறை. இருநூற்று ஐம்பத்தாறு பைட்.
அதற்குள் மணியை, நிமிடத்தை, நாளை, மாதத்தை
ஒண்டுக்குடித்தனம் வைத்தேன்.
மணிக்கொருதரம் ஒரு சின்ன 'டிங்'.

திரை நொடிக்கு ஐம்பது முறை இமைக்கிறது.
கீழ்க்கோடி வரை வரைந்து முடித்த ஒளி
மறுபடி மேலேறுகிற துளி இருட்டில்
என் கடிகாரம் எழுந்து, ஒன்று கூட்டி,
திரும்பப் படுத்துக்கொள்ளும்.
முன்னால் யார் என்ன செய்தாலும்,
வீட்டுக் கணக்கோ, சதுரங்கமோ,
நாத்தனார் கேட்ட ஸ்வெட்டர் பின்னலோ,
வலது மூலையில் அது பாட்டுக்கு ஓடும்.

ஐம்பது என்பதும் சரியாக ஐம்பதில்லை.
நாளுக்கு நாலு நிமிடம் பின்தங்கியது.
முந்நூற்று ஐம்பத்தாறு இமைப்புக்கு ஒருமுறை
ஒன்றை இரண்டாக எண்ணச் சொன்னேன். சொன்னபடி கேட்டது.

ஒன்றுதான் தீரவில்லை.
நாடாவிலிருந்து எதையாவது ஏற்றும்போது
இயந்திரம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது,
என் கடிகாரத்தை எழுப்புவதே இல்லை.
சதுரங்கம் ஏற எட்டு நிமிடம்.
அந்த எட்டும் அதற்கு நடக்காதவை.

வேலை முடிந்து வந்து
சமையலறைக் கடிகாரத்தோடு ஒத்துப்பார்ப்பேன்.
"எட்டு. இன்றைக்கு ஒரு தடவை."
"பதினாறு. முதல் தடவை பிழையா?"
"வேவுக்காரியோடு குடும்பம் நடத்துகிறேன்" என்று சிரிப்பான் இரெனெயூஷ்.

எண்பத்தெட்டு, பிப்ரவரி இருபத்தொன்பது, திங்கள்.
கணுக்கால் சுளுக்கென்று விடுப்பில் இருந்தான்.
நடையில் அவன் பூட்ஸைச் சுற்றி
ஈரம் வட்டமாக.
"நாள் பூரா சதுரங்கம்.
நாடா நாலு தடவை சிக்கிற்று,
நாலு தடவையும் முதலிலிருந்து."

மூலையைப் பார்த்தேன். 18:42.
சமையலறையில் 18:42.
தொலைந்திருக்க வேண்டிய முப்பத்திரண்டு நிமிடத்தை
அவனுக்காக நானே தேடினேன்.
கழித்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன்.
ஒரு நிமிடம்கூடத் தொலையவில்லை.

தேதி மட்டும் மார்ச் ஒன்று என்றது.
நாலு வருடத்துக்கொரு நாளுக்குப்
பதினொரு பைட் போதாமல் போயிருந்தது எனக்கு,
ஒரு நாள்தானே, யாருக்கு என்ன என்று விட்டிருந்தேன்.
மணி சரி. தேதி தவறு.
இரண்டும் நான் எழுதியவை.

"உன் கடிகாரம் நாள் தப்பிற்றே" என்றான்.
"ஆமாம்" என்றேன்.
"இன்று என்று ஒரு நாள் அதற்குக் கிடையாது."
உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன்.
வேண்டியதற்கு மேலேயே உரித்தேன்.

ஜூனில் போனான்.
கணினியை விட்டுவிட்டு நாடாக்களை எடுத்துக்கொண்டான்,
என் கையெழுத்தில் 'மணி' என்றிருந்த ஒன்றைத் தவிர.
அதன்பின் மூலை எதற்கும் நிற்கவில்லை.
மின்சாரம் போய் வந்து, நான் அந்த நாடாவை ஓட்டினால் மட்டும்
இன்று என்ன தேதி என்று கேட்கும்.
எதைச் சொன்னாலும் நம்பும்.

அந்த 'டிங்'கை எடுத்துப் பார்த்தேன் ஒருநாள்.
பதின்மூன்று பைட் காலியானது.
பிப்ரவரியைத் திருத்தினேன்,
இரண்டு மிஞ்சியது. என்ன செய்வதென்று தெரியவில்லை,
அப்படியே கிடக்கிறது.

தொண்ணூற்றிரண்டில், இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து
கோட்டைக் கழற்றாமல் முன்னால் உட்கார்ந்தேன்.
23:59 வெகுநேரம் நின்றது போலிருந்தது.
நிற்கவில்லை, எண்ணிக்கொண்டுதான் இருந்தது.
சத்தமில்லாமல் மாறிற்று: 29-02-92.

சமையலறையிலிருந்து கோசு சூப் தீயும் வாசனை.
எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.